நான் அச்சடித்த ஆல்பங்கள்

பாட்டைக் கேட்காமல் நான் பனியன் அச்சடிப்பதில்லை. திருப்பூரில் இதை வெளியே சொன்னால் வேலை வெட்டி இல்லாதவன் என்பார்கள். எனக்கு வேலை நிறையவே உண்டு. வெளிநாட்டு ராக் குழுக்களின் ஆல்பம் அட்டைப்படங்களைப் பனியனில் அச்சடித்து அனுப்பும் ஒரு கம்பெனியில் பிரிண்டிங் மாஸ்டராக இருக்கிறேன். கலர் கலக்குவதும் துணியில் முதல் அச்சு எடுப்பதும் என் பொறுப்பு. எந்தக் குழு, என்ன பாட்டு என்று யாரும் எனக்குச் சொல்வதில்லை. ஸ்டைல் நம்பரை மட்டும் சொல்வார்கள்.

இந்தப் பழக்கம் ஒரு குதிரையால் வந்தது. நகரும் படிக்கட்டில் ஒரு வெள்ளைக் குதிரை இறங்கி வரும் படம், ஐந்து கலர். இரண்டு வாரம் காலையிலிருந்து மாலை வரை அந்தக் குதிரையின் முகத்தில் விழித்ததில், இது எங்கேதான் போகிறது என்று எனக்கே பொறுக்கவில்லை. படத்தின் அடியில் இருந்த எழுத்துகளைப் போனில் அடித்துப் பார்த்தேன். பதினோரு பாட்டுள்ள ஆல்பம் வந்தது. மறுநாள் காலை முதலிபாளையம் போகும் கம்பெனி வேனில், ஒரு காதில் டிரைவர் போட்ட சினிமாப் பாட்டும் இன்னொரு காதில் குதிரைப் பாட்டுமாக உட்கார்ந்து கேட்டேன்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். முதல் நான்கு பாட்டும் வெறும் இரைச்சல். டிரம்ஸ் அடிக்கிறவருக்கு வீட்டில் யார் மேலோ கோபம், அதை ஸ்டுடியோவில் வந்து தீர்த்திருக்கிறார். ஐந்தாவது பாட்டில் எல்லோரும் கையைக் கட்டிக்கொள்ள, ஒருத்தர் மட்டும் கிதாரை மெதுவாக மீட்டுகிறார். குதிரை அங்கேதான் படி இறங்குகிறது. ஆறாவது பாட்டு சர்க்கரை கூடிப்போன டீ. கடைசிப் பாட்டை நானாக இருந்தால் சேர்த்திருக்கவே மாட்டேன்.

இங்கிலீஷ் எனக்குப் பாதி புரியும், மீதி என் கற்பனை. இது குடும்பத்தில் வந்தது என்று நினைக்கிறேன். என் அம்மா மங்கலத்தில் அண்ணன் வீட்டில் இருக்கிறார். வீட்டை ஒட்டியே விசைத்தறி ஓடுவதால் டிவியில் பேசுவது எதுவும் காதில் விழாது. அப்படியும் அம்மா ஒரு நாள் விடாமல் சீரியல் பார்க்கிறார். எல்லாம் முகத்தை வைத்துத்தான். "இவ பொய் சொல்றா பாரு, மூக்கு வெடைக்குது" என்பார். அது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அவருக்குச் சத்தமில்லாத முகம், எனக்கு அர்த்தம் தெரியாத குரல். ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வருவேன். சீரியல் நடிகைகள் தூங்கும்போதும் பட்டுப்புடவை கட்டியிருப்பது ஏன் என்று ஒரு நாள் கேட்டேன். "பாக்கறதுன்னா பாரு, இல்லாட்டி ஊட்டுக்குப் போ" என்றார்.

சினிமாப் பாட்டு மேல் எனக்கு விரோதம் ஒன்றும் இல்லை. ஆனால் சினிமாவில் பாட்டு ஒருத்தருக்குச் சொந்தமாக இருப்பதில்லை. கதாநாயகன் வருவதற்கு ஒன்று, காதலிக்க ஒன்று, கல்யாணத்துக்கு ஒன்று, ஆள் செத்தால் ஒன்று என்று பந்தி மாதிரி பரிமாறிக்கொண்டே போகிறார்கள். ராக் ஆல்பத்தில் ஒரே ஆள் நாற்பது நிமிடம் தன்னோடு சண்டை போடுகிறார். தனியாக இருக்கிறவனுக்கு அது சீக்கிரம் புரிந்துவிடுகிறது. டிவியில் வரும் பாட்டுப் போட்டிகளைப் பற்றி என்னிடம் கேட்க வேண்டாம். பாடுகிற குழந்தையைவிட நடுவர்கள் அதிகமாக அழுகிறார்கள். அழுது முடித்து உடனே விளம்பரத்துக்குப் போகிறார்கள்.

நான் தனியாக இருக்கிறேன். நாற்பத்தொரு வயது, கல்யாணம் ஆகவில்லை. எங்கள் பக்கத்தில் இப்படிப் பெண் கிடைக்காத ஆண்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள், அதனால் யாரும் பெரிதாகப் பரிதாபப்படுவதும் இல்லை. கடைசியாகப் பார்த்த பெண் வீட்டில், மாப்பிள்ளைக்கு வேறு என்ன பழக்கம் என்று மரியாதைக்கு ஒரு பெரியவர் கேட்டார். யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்துக்கிடந்தவன், ஒரு ஆல்பத்தைப் பற்றி நிறுத்தாமல் பேசிவிட்டேன். மூன்றாவது பாட்டு முடிந்து நாலாவது தொடங்கும் இடத்தில் வரும் இடைவெளி எவ்வளவு முக்கியம் என்று கையை வேறு ஆட்டிக் காட்டியிருக்கிறேன். பெரியவர் "செரீங்க, செரீங்க" என்றபடி டம்ளரைக் கீழே வைத்தார். மறுநாள் தரகர் போன் செய்து, "மாப்ள, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லோணுங்க" என்றார். கேட்டதுக்குத்தானே சொன்னேன் என்று எனக்குக் கோபம் வந்தது. போனை வைத்த பிறகு வேறு ஒன்றும் வந்தது. அதற்குப் பெயர் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. பேச ஆளில்லாத ஏக்கம்.

கம்பெனியிலும் ஆளில்லை. டேபிளில் அச்சடிப்பவர்கள் வடக்கத்தி இளைஞர்கள். அவர்கள் போனில் அவர்கள் ஊர்ப் பாட்டு. ஒருவனைப் பிடித்துக் குதிரையின் ஐந்தாவது பாட்டைக் காதில் மாட்டிவிட்டேன். "அச்சா ஹை மாஸ்டர்ஜி" என்று அரை நிமிடத்தில் கழற்றிக் கொடுத்தான். ஞாயிறு மதியம் தியேட்டருக்குப் போனால் டிக்கெட் கொடுப்பவர் "ஒண்ணே ஒண்ணுங்களா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். படம் முடிந்து வெளியே வருகிற கூட்டம் மொத்தமும் படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு போகும். நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, அதற்குள்ளேயே என் விமர்சனத்தைச் சொல்லிக்கொண்டு வீடு வருவேன்.

அதனால்தான் அட்டையில் எழுத ஆரம்பித்தேன். முதல் அச்சு எடுத்த துணித் துண்டோடு ஓர் அட்டையைப் பின் குத்தி மாடியில் உள்ள ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். துணி, கலர், ஸ்க்ரீன் விவரம் எல்லாம் அட்டையின் முன்பக்கத்தில் இருக்கும். அது கூரியரில் பையருக்கு, அதாவது ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுக் கம்பெனிக்குப் போகும். அங்கே ஒரு டிசைனர் அதைப் பார்ப்பார். ஆல்பம் படத்தைப் பனியனுக்கு எடுத்துத் தருகிறவர் ஆல்பத்தையும் கேட்டிருப்பார்தானே? அட்டையின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், பென்சிலால், அவருக்கு எழுதினேன். ஐந்தாவது பாட்டு மிக நன்று. ஆறாவதில் சர்க்கரை அதிகம். கடைசியை எடுத்துவிடலாம். உங்கள் கருத்து என்ன?

பதில் வரவில்லை. பையரின் ஒப்புதல்தான் வந்தது. அடுத்த ஆல்பத்துக்கும் எழுதினேன். வீட்டுக்குள் குடை பிடித்து நிற்கும் ஒரு பெண்ணின் படம் அது. அதற்கும் ஒப்புதல் மட்டுமே வந்தது. நான் விடவில்லை. மூன்று வருடத்தில் ஒன்பது ஆல்பங்களுக்கு எழுதினேன்.

மாடிக்கும் எனக்கும் நடுவில் இருந்தவர் மெர்ச்சண்டைசர் மேடம். பையரோடு பேசி ஆர்டரைக் கட்டி இழுப்பது அவர் வேலை. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், வயது முப்பதுக்கு மேல், லேடீஸ் ஹாஸ்டலில் தங்கியிருந்தார். எதையும் சுருக்கமாகப் பேசுவார். ஒருமுறை படியில் இறங்கும்போது நின்று, "அண்ணே, பென்சில்ல எழுதுனா அழியுது. பேனாவுல எழுதுங்க" என்றார். கலர் விவரத்தைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு, அடுத்ததிலிருந்து எல்லாவற்றையும் பேனாவில் எழுதினேன். இன்னொரு முறை, "ஞாயித்துக்கிழமையில என்ன பண்ணுவிய?" என்று கேட்டார். "அம்மாவப் பாக்கப் போவேனுங்க மேடம்" என்றேன். அவர் கொஞ்சம் நின்றார். எனக்கு உள்ளே அச்சு ஸ்க்ரீனில் கலர் காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே போய்விட்டேன்.

இங்கே ஒரு தொழில் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். முதல் அச்சு எடுக்கும்போதே அதை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை நான் வைத்துக்கொள்வேன். ஒப்புதல் ஆன மறுபாதி கறுப்பு உறைக்குள் என்னிடம் திரும்பி வரும். மேடம் உறையின் வாயில் ஸ்டேப்ளர் அடித்து, அதன் மேல் தாள் ஒட்டிக் கையெழுத்துப் போட்டிருப்பார். அதற்குச் சீல் உறை என்று பெயர். அதை ஆணியில் மாட்டி வைக்க வேண்டும். கலரில் தகராறு வந்தால் மட்டும், முதலாளி முன்னால் பிரிக்கலாம். எனக்கு முன்னால் இருந்த மாஸ்டர் உறையைப் பிரித்துத் துணியை மாற்றி வைத்து மாட்டிக்கொண்டதில் வேலையே போயிற்று. நான் என் கையில் உள்ள பாதியை வைத்துத்தான் வேலை செய்வேன். உறையில் விரல் நகம்கூடப் பட்டதில்லை. அதில் எனக்கு ஒரு கர்வமே இருந்தது.

ஒன்பதாவது ஆல்பத்தில்தான் நான் கெட்டேன். தண்ணீர் இல்லாத நீச்சல்குளம், அதன் நடுவில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. எட்டுப் பாட்டுதான். எட்டாவதில் பாடகர் பாதியில் பாடுவதை நிறுத்திவிடுகிறார். இசையும் நின்றுவிடுகிறது. அவர் மூச்சு விடுவது மட்டும் கேட்கிறது. பிறகு பாடாமலே முடிந்துவிடுகிறது. நான் கேட்டதிலேயே பெரிய ஆல்பம் அதுதான். யார் எதிர்த்து வந்தாலும் இதில் என் கருத்து மாறாது. அட்டையில் அன்றைக்கு ஒரு வரிதான் எழுத முடிந்தது. எட்டாவதைப் பற்றி என்னால் எழுத முடியாது, நீங்கள் கேளுங்கள்.

ஒப்புதல் வந்து, மொத்த உற்பத்தி தொடங்கும் காலை. நாற்காலியின் சிவப்பைக் கலக்கினேன். ஒப்புதலான அதே சிவப்புதான். வாளிக்குள் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சலாக வந்தது. கல்யாண வீட்டு சிவப்பு. எட்டாவது பாட்டைக் கேட்டவன் எவனாவது அந்த நாற்காலிக்கு இந்தக் கலரைக் கொடுப்பானா? ஒரு கரண்டி கறுப்பை எடுத்துப் போட்டுக் கலக்கினேன். யாரையும் கேட்கவில்லை. பதின்மூன்று வருட வேலையில் நான் செய்த ஒரே அயோக்கியத்தனம். மதியம் வரை ஓடிய பனியன்களில் நாற்காலி நான் நினைத்த மாதிரியே இருந்தது.

சாப்பாட்டுக்கு முன்னால் முதலாளி சுற்றிப் பார்க்க வந்தவர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அவர் எவ்வளவு கோபத்திலும் மரியாதையை விடமாட்டார். "ஏனுங்க மாஸ்டர், இதென்னுங்க செவப்பு? வாடுன மொளகாயாட்ட இருக்குதுங்க" என்றார். "அந்தச் சீல் உறைய எடுங்க. பிரிச்சுப் பாத்தா தெரிஞ்சு போச்சு."

ஆணியிலிருந்து உறையை எடுத்தேன். அதற்குள் மேடம் மாடியிலிருந்து இறங்கி வந்திருந்தார். என் கையிலிருந்து உறையை வாங்கிக்கொண்டார். "பிரிக்க வேண்டாம் சார். நான்தான் கலர் நம்பர மாத்திக் குடுத்துட்டேன். தப்பு என்னோடது" என்றார்.

"ஏங்கண்ணு, இத்தன வருசம் வேல பாத்துட்டு இப்புடிப் பண்ணலாமா?" என்று ஆரம்பித்த முதலாளி, இருபது பேர் வேலையை விட்டுவிட்டுப் பார்க்க, நிறுத்தவே இல்லை. மேடம் உறையை நெஞ்சோடு பிடித்தபடி தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஸ்க்ரீனைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அது ஏற்கெனவே துடைத்த ஸ்க்ரீன். "இல்லீங்க, நாந்தானுங்க" என்று சொல்ல நான்கு வினாடி போதும். சொல்லவில்லை. பயந்தாங்கொள்ளி என்று என்னை நானே எழுதிக்கொள்கிறேன், வேறு யாரும் எழுதப்போவதில்லை. முதலாளி போனதும் மேடம் உறையை மறுபடி ஆணியில் மாட்டிவிட்டு, என்னைப் பார்க்காமல் படியேறினார். நன்றி சொல்ல ஒரு வாரம் மாடிப்படி வரை போய்ப் போய்த் திரும்பினேன். ஏன் காப்பாற்றினார் என்று கேட்க வேண்டியிருக்கும். நான் ஏன் கறுப்பைப் போட்டேன் என்று அவர் கேட்பார். ஒரு பாட்டுக்காக என்று எப்படிச் சொல்வது?

ஐந்து மாதம் கழித்து அவர் வேலையை விட்டார். சொந்த ஊருக்கே போகிறார் என்றார்கள். கேன்டீனில் கேக் வெட்டினார்கள். நான் பின்னால் நின்றேன். எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு கடைசியில் என்னிடம் வந்தார். பக்கத்தில் முதலாளி நின்றுகொண்டிருந்தார்.

"போய்ட்டு வாரேண்ணே. உறையெல்லாம் பத்திரமா இருக்கா?"

"ஒண்ணக்கூடப் பிரிக்கலீங்க மேடம்" என்றேன். வேலையைப் பாராட்டுகிறார் என்று எனக்கு நினைப்பு.

"ஒண்ணு கூடவா?"

"ஒண்ணு கூட இல்லீங்க. எல்லாம் உங்க கையெழுத்தோட அப்புடியே இருக்குதுங்க."

அவர் என்னையே பார்த்தார். பிறகு சிரித்தார். சிரிப்பா என்று இப்போது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. "அப்பச் சரிண்ணே" என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார்.

போன மாதம் புது மெர்ச்சண்டைசர், ஒரு தம்பி, பழைய உறைகளை எல்லாம் கழிக்கச் சொன்னார். ஆர்டர் முடிந்தவை, இனித் தகராறு வராது. துணி வேஸ்ட் கடைக்கு, பிளாஸ்டிக் தனியாக. மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து ஸ்டேப்ளர் கம்பிகளைப் பிடுங்க ஆரம்பித்தேன். முதல் உறையில் குதிரை இருந்தது. துணிக்குப் பின்னால் என்னுடைய அட்டை. பையருக்குப் போயிருக்க வேண்டிய அதே அட்டை. அவர் வேறு அட்டையில் விவரங்களை எழுதி அனுப்பிவிட்டு, என்னுடையதை வைத்துக்கொண்டிருக்கிறார். பென்சில் பாதி அழிந்திருந்தது. அதற்குக் கீழே பேனாவில், தமிழில்:

"அஞ்சாவது எனக்கும் பிடிச்சிருக்கு. ஆறாவதத் திட்டாதிய. ஹாஸ்டல்ல அதக் கேட்டுக்கிட்டுதான் துணி துவைக்கேன்."

குடைக்காரியின் அட்டையில்: "இந்த ஆல்பத்துல நீங்க சொன்னது எல்லாமே தப்பு. ரெண்டாவது பாட்ட மறுபடி கேளுங்க." அதற்கு அடுத்ததில்: "கேட்டியளா? பதிலே இல்லையே." ஒன்பது உறையிலும் எழுதியிருந்தார். ஒன்றில் அவருக்குப் பிடித்த ஒரு ஆல்பத்தின் பெயரை எழுதி, கேட்டுவிட்டு அடுத்த அட்டையில் கருத்து எழுதச் சொல்லியிருந்தார். அடுத்த அட்டையில் நான் வேறு எதையோ பற்றி எழுதித்தள்ளியிருந்தேன். மூன்று வருடம் நான் பதிலுக்குக் காத்திருந்தேன். பதில் என் டேபிளுக்கு மேலே, கை நீட்டினால் எட்டும் ஆணியில் இருந்தது. மாடியில் அவர் என் பதிலுக்குக் காத்திருந்திருக்கிறார்.

கடைசி உறை, நீச்சல்குளம். "ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஹாஸ்டல்ல யாரும் இல்ல. எட்டாவது பாட்டக் கேட்டேன். முடிஞ்ச பிறகு ரொம்ப நேரம் அப்படியே இருந்தேன். அந்த நாற்காலிக்கு இந்தச் சிவப்பு ரொம்பத் துள்ளுது, இல்லையா? பையர் ஒத்துக்கிட்டான், என்ன செய்ய. அண்ணே, ஒரு தடவ மாடிக்கு வந்து பேசிட்டுப் போங்களேன்."

சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தேன். பிறகு அழுதேன். பெரிதாக ஒன்றும் இல்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற அளவுக்கு.

அன்று சாயங்காலம் முதலாளி அறைக்குப் போனேன். "அன்னைக்கு அந்தச் செவப்பு நாந்தானுங்க மாத்துனேன். அந்த மேடம் மேல தப்பில்லீங்க" என்றேன். அவர் கணக்குப்பிள்ளையிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "எந்தச் செவப்புங்க மாஸ்டர்?" என்றார். விளக்கிச் சொன்னேன். நீச்சல்குளத்தையே அவருக்கு ஞாபகம் இல்லை. "அதுக்கென்னுங்க இப்ப, உடுங்க" என்றார்.

ஒன்பது அட்டைகளையும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஞாயிறு மங்கலம் போகவில்லை. மதியம் அந்தக் குடைக்காரியின் இரண்டாவது பாட்டை மறுபடி கேட்டேன். அவர் சொன்னதுதான் சரி. எனக்குக் காதே இருந்திருக்கவில்லை. மூன்று வருடம் கழித்து ஒரு கருத்தை மாற்றிக்கொண்டேன், அதை உடனே சொல்லியாக வேண்டும் போலிருந்தது.

கம்பெனி லிஸ்டில் மேடத்தின் நம்பர் இருந்தது. திங்கள்கிழமை மதியம், டேபிள் பக்கம் யாரும் இல்லாதபோது கூப்பிட்டேன். இரண்டு முறை மணி அடித்ததும் எடுத்தார்கள்.

"சொல்லுங்க மாஸ்டர்" என்றது புது மெர்ச்சண்டைசர் தம்பியின் குரல். கம்பெனி கொடுத்த சிம். ஆள் போனால் நம்பர் அடுத்த ஆளுக்கு வந்துவிடும். அவர் பேசியது போனிலும் கேட்டது, மாடியிலிருந்தும் கேட்டது.

"என்ன வேணுங்க?"

"ரெண்டாவது பாட்டு நல்லாத்தான் இருக்குதுங்க" என்றேன்.

"என்னுங்க?"

"ஒண்ணுமில்லீங்க தம்பி" என்று வைத்துவிட்டேன்.